எலும்புக்குப் பின்னால் ஒரு ரத்தக்குழாய்

இடுப்பெலும்பு உடைந்தவரைப் புரட்டக் கூடாது. போன வருஷம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை வரைக்கும் எனக்கு இது தெரியாது. அன்றைக்குப் பெருமாளுக்குத் தளிகை போட்டு, மாவிளக்கு ஏற்றி, இவர் வந்ததும் சாப்பிடலாம் என்று இலையைக் கழுவி வைத்திருந்தேன். திருமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சேலை சாம்பிள் காட்டிவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று ஸ்கூட்டரில் போனவர். வந்தது போன்தான். நாலு வழிச்சாலையில் கார் இடித்துவிட்டது, ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டு வருகிறோம் என்று முன்பின் தெரியாத ஒருவர் சொன்னார். விளக்கு எரிய எரிய விட்டுவிட்டு ஓடினேன்.

சனிக்கிழமை பஜனையில் என்னைப் பார்க்கிற எல்லோரும் "எப்படிம்மா பிழைச்சாரு?" என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். என் பெயர் சாந்தி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெயருக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது என்று என் கணவர் ஜெகன்னாதன் சொல்வார். பெருமாளிடம்கூட நான் வேண்டிக்கொள்வதைவிடச் சண்டை போடுவதுதான் அதிகம். இந்த அனுபவமும் ஒரு சண்டையைப் பற்றியதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது இவருக்கு நினைவு இருந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. "ஒண்ணுமில்ல சாந்தி, இடுப்புதான் கொஞ்சம் வலிக்குது" என்றார். அவசரப் பிரிவு டாக்டர் அவருடைய இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட் ஒன்றைப் போட்டு இறுக்கியிருந்தார். வலது பக்கம் இடுப்பெலும்பு உடைந்திருக்கலாம், உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்க மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், ஆளை யாரும் புரட்டிவிடாதீர்கள் என்றார். கையெழுத்துப் போட என்னைக் கவுன்டருக்கு அனுப்பினார்கள். நான் போன நேரத்தில் இவருடைய அண்ணன் பத்மநாபன் வந்து சேர்ந்தார். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். ஸ்கேன் அறைக்கு இவர்கூடப் போனது அவர்தான். அங்கே நடந்தது எனக்கு அப்போது தெரியாது.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தம் தேங்கவில்லை, உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் தொடையெலும்பு வந்து பொருந்துகிற கிண்ணமும் அதற்கு முன்னால் இருக்கிற எலும்பும் உடைந்து விலகியிருந்தன. அடிவயிற்றுப் பக்கமாகத் திறந்து பிளேட் வைக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி நடப்பதே கஷ்டம் என்றார் எலும்பு டாக்டர். வீக்கம் கொஞ்சம் அடங்கட்டும், புதன்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது.

அந்த நாலு நாளும் நான் பெருமாளை ஒரு நிமிஷம் சும்மா விடவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரே பாட்டு. "புதன்கிழமை ஆபரேஷன் நடந்தே ஆகணும். தள்ளிப்போகக் கூடாது. தள்ளிப்போச்சுன்னா உன்கூடப் பேச மாட்டேன்." இதுதான் என் பிரார்த்தனை. இவர் அசையாமல் கிடந்து வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள்கூட அதிகம் கேட்க என்னால் முடியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லாம் தயார். மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ரத்தத்துக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. அப்போது வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா நேராக எங்கள் கட்டிலுக்கு வந்து நின்றார். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் அவர். பொதுவாக அவர்கள் வார்டுக்கெல்லாம் வருவதில்லை என்று சிஸ்டர் பிறகு சொன்னார்.

"இவருக்கு ஸ்கேன் மறுபடியும் எடுக்கணும்மா. நாளைக்கு ஆபரேஷன் வேணாம்னு சர்ஜன்கிட்ட சொல்லிட்டேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏன் டாக்டர்? நல்லாத்தானே எடுத்தீங்க? எலும்பெல்லாம் தெளிவாத் தெரியுதுன்னுதானே சொன்னாங்க? மனுசன் அம்புட்டு வலியில கெடக்குறாரு, திரும்ப அந்த மேசையில தூக்கிப் போடணுமா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "என்கூட வாங்க, காட்டுறேன்" என்று கீழே கூட்டிப்போனார். கம்ப்யூட்டரில் இவருடைய இடுப்பெலும்பு தெரிந்தது. இடது பக்கம் தெளிவாக இருந்தது. வலது பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் பாய்ந்து, எலும்பைத் தவிர எதுவுமே தெரியவில்லை. வெயிலில் எவர்சில்வர் தட்டைத் திருப்பினால் கண் கூசுமே, அதுபோல.

"உங்க வீட்டுக்காரர் இடுப்புல வெள்ளி அரணாக்கொடி போட்டிருக்காரு. நல்ல கனமான கொடி. சரியா அந்த எலும்பு மேலேயே கெடந்திருக்கு. அதோட கூச்சத்துல ரத்தக்குழா தெரியல. எலும்பு மட்டும்னா இது போதும். எனக்கு வேண்டியது எலும்புக்குப் பின்னாடி."

"பின்னாடி என்ன டாக்டர்?"

"எல்லாருக்கும் ரத்தக்குழா ஒரே மாதிரி ஓடாதும்மா. சிலருக்கு இந்த முன் எலும்போட பின்பக்கமா, மேலருந்து கீழ ஒரு குறுக்குக் குழா இறங்கும். பாதிப் பேருக்கு நூலாட்டம் இருக்கும், பயமில்ல. சிலருக்குத் தடிமனா இருக்கும். சர்ஜன் பிளேட்டு வெக்கிற எடமே அதுதான். தெரியாம அறுபட்டா குழா சுருங்கி உள்ள போயிடும், புடிச்சுக் கட்டுறது ரொம்பக் கஷ்டம். அந்தக் காலத்து டாக்டருங்க அதுக்குச் சாவுக் கிரீடம்னே பேரு வெச்சிருக்காங்க."

அவர் இடது பக்கத்தைக் காட்டினார். அங்கே அந்தக் குழாய் மெல்லியதாக இருந்தது. "இந்தப் பக்கம் இருக்குறதால அந்தப் பக்கமும் இருக்கலாம். எப்படி இருக்குன்னு பாக்காம நான் சரின்னு எழுத மாட்டேன்" என்றார். கொடியை அறுத்தாவது எடுத்துவிட வேண்டும், இன்னொரு தடவை மருந்து ஏற்றக் கிட்னி தாங்குமா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

மேலே வந்து சொன்னேன். முதலில் பெரியத்தான்தான் எழுந்தார். எங்களுக்கு வீட்டுப் பாஷை வேறு, சௌராஷ்டிரம். கோபம் வந்தால் தமிழ் மறந்துபோகும். அவர் பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அறுக்குறதா? உசுரோட இருக்கிறவன் இடுப்புலருந்து அரணாக்கொடிய அறுக்குறதா? எங்கப்பாவுக்கு எப்ப அறுத்தோம்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

எனக்குத் தெரியும். மாமனாரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோதுதான் அறுத்தார்கள். நம் பக்கம் எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பிறந்து பெயர் வைக்கிற அன்று கட்டுவது. கடைசியில்தான் போகும். நடுவில் ஒரு நொடிகூட இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. இதை மூடநம்பிக்கை என்று சொல்ல நான் யார்? தாலியைக் கழற்று என்றால் நான் கழற்றுவேனா?

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "வேணாம் சாந்தி. இருக்கிறபடியே ஆபரேஷன் பண்ணச் சொல்லு. நடக்குறது நடக்கட்டும்" என்றார். இவர் பயந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கண்ணில் பயம் தெரிந்தது.

புதன்கிழமை விடிந்தது. ஆபரேஷன் நடக்க வேண்டிய நாள். நடக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிட்னியைச் சொல்லும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்றார்கள். எலும்பு டாக்டர் வந்து, "ரொம்பத் தள்ளிப்போடவும் முடியாதும்மா. எலும்பு கோணலாக் கூட ஆரம்பிச்சிரும். நாளைக்குள்ள முடிவு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பக்கம் காலம் ஓடுகிறது. இன்னொரு பக்கம் இந்த மனிதரும் அவர் அண்ணனும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் எலும்புக்குப் பின்னால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு குழாய்.

நான் கையில் கிடைத்த பையைத் தூக்கிக்கொண்டு ஒத்தக்கடை பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து ஆட்டோவில் திருமோகூர் பெருமாள் கோயில். கோயில் வாசலில் இறங்கும்போதே அழுகை வந்துவிட்டது. சக்கரத்தாழ்வார் சன்னிதியில் போய் நின்று, நான் மனசுக்குள் கத்தியதை இங்கே எழுத முடியாது. நான் கேட்டது ஒன்றே ஒன்று, புதன்கிழமை. அதைக்கூடத் தர உனக்கு மனசில்லையா? இத்தனை வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை வந்தேனே, அதற்கு இதுதானா? இப்படித்தான் கேட்டேன்.

அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும். சக்கரத்தாழ்வாரை முன்னால் சேவித்துவிட்டு யாரும் அப்படியே திரும்பிவிட மாட்டார்கள். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவோம். அதே மூர்த்தியின் பின்னால் நரசிம்மர் இருக்கிறார். முன்னால் மட்டும் பார்த்தால் பாதி தரிசனம். நானும் பழக்கத்தில் கால் போனபடி பின்னால் போனேன். போய் நின்றதும் அந்த டாக்டர் அம்மா சொன்னது காதில் கேட்டது. எனக்கு வேண்டியது எலும்புக்குப் பின்னாடி.

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் பாட்டுக்குத் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். புதன்கிழமை நடந்திருந்தால் அந்தப் பின்பக்கத்தைப் பார்க்காமலேயே கத்தி வைத்திருப்பார்கள். அந்தம்மா எதற்காக மாடி ஏறி வந்தார்? அவரை யார் அனுப்பினார்கள்? அந்த இடத்திலேயே என் வேண்டுதலை மாற்றினேன். "நாளும் வேணாம் கிழமையும் வேணாம். டாக்டர் கண்ணுக்கு எதுவும் மறையக் கூடாது. மறைச்சுக்கிட்டு என்ன இருந்தாலும் நீயே காட்டிக்கொடு." அவ்வளவுதான் கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சண்டை போடாமல் கேட்டேன்.

வெளியே வந்து ஒரு கடையில் சிவப்பு நூல்கயிறு வாங்கினேன். திரும்ப உள்ளே போய்ப் பட்டரிடம் கொடுத்தேன். தாயத்து ஏதும் கோக்க வேண்டுமா என்று கேட்டார். "வேணாம் சாமி, ஒரு பொட்டு தகடுகூட இருக்கக் கூடாது. வெறும் நூல்தான்" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பாதத்தில் வைத்துத் துளசியோடு தந்தார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி இருவர் முன்னாலும் கயிற்றை நீட்டினேன். "இடுப்பு வெறுமையா இருக்கக் கூடாது, அம்புட்டுத்தானே? மொதல்ல இதக் கட்டுறேன். கட்டினதுக்கு அப்புறம்தான் கொடிய எடுப்பேன். ஒரு நொடிகூட வெறுமையா இருக்காது. இது சக்கரத்தாழ்வார் பாதத்துல வெச்ச கயிறு. இதுக்கும் மேல ரெண்டு பேருக்கும் என்ன வேணும்?"

இவர் கயிற்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அறுக்க வேண்டியதில்ல சாந்தி. கொடியோட திருகு எடது பக்கம்தான் இருக்கு. கழட்டலாம்."

"கழட்டலாமா? அப்புறம் ஏன் அன்னைக்கே கழட்டல?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சனிக்கிழமை ஸ்கேன் எடுக்கும்போது டெக்னீஷியன் கொடியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். பெரியத்தான் குனிந்து நம் பாஷையில், "திருகு முதுகுக்குக் கீழ மாட்டியிருக்குன்னு சொல்லு, புரட்டக் கூடாதுன்னு விட்ருவாங்க" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். இவரும் அப்படியே சொல்லியிருக்கிறார். ஆளைப் புரட்ட முடியாது, அவசரம் வேறு. அந்த டெக்னீஷியன் என்ன செய்வார் பாவம்? பக்கத்தில் நின்று இவர்கள் பேசியது ஒரு எழுத்துகூட அவருக்குப் புரிந்திருக்காது. மதுரையில் நாம் எல்லோரும் செய்கிற காரியம்தானே இது. கடையில் விலை பேசும்போதும், பெண் பார்க்கப் போன இடத்திலும், வெளியாள் முன்னால் நம் பாஷையில் ரகசியம் பேசிக்கொள்வோம். அந்தச் சாமர்த்தியம் அன்றைக்கு என் தாலிக்கே வினையாக வந்திருக்கும்.

"ஏன் பெரியத்தான் இப்படிப் பண்ணுனீங்க?" என்றேன். கத்தக்கூடத் தெம்பில்லை.

"தம்பிம்மா" என்றார். அறுபது வயது மனிதர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் கிட்னி பரிசோதனை சரியாக வந்துவிட்டது. ஸ்கேன் மேசையில் பலகையோடு தூக்கி வைத்தார்கள். டெக்னீஷியன் என்னை உள்ளே விட்டார். சிவப்புக் கயிற்றை இடுப்புக்குக் கீழே மெல்ல விட்டு, மறுபக்கம் இழுத்து முடிச்சுப் போட்டேன். பிறகு திருகைத் திருகினேன். முதலில் அசையவில்லை. பல வருஷ எண்ணெயும் அழுக்கும். புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகியதும் விட்டுக்கொடுத்தது. கொடியை உருவும்போது இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "கயிறு இருக்கா?" என்றார். "இருக்கு" என்றேன். அவர் கையைப் பிடித்துக் கயிற்றின் மேல் வைத்துக் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அந்தக் கதவு மூடியிருந்த நேரம் எனக்கு ஒரு யுகம். விஷ்ணு சகஸ்ரநாமம் பாதியில் தப்பித் தப்பி வந்தது. சொன்ன வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியத்தான் எதிரே நின்றுகொண்டே இருந்தார்.

டாக்டர் அம்மா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். படத்தில் எலும்பு முழுதாக, கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. வெள்ளைக் கோடு ஒன்றுகூட இல்லை. அவர் அதை மெல்லத் திருப்பினார். முன்பக்கம் போய்ப் பின்பக்கம் வந்தது. நான் முந்தின நாள் சன்னிதியைச் சுற்றி வந்த மாதிரியே.

"இந்தா இருக்கு பாருங்க."

உடைந்த இடத்துக்கு ஒட்டினாற்போல், எலும்பின் பின்புறமாக, சிவப்பாக ஒரு குழாய் இறங்கியது. இடது பக்கம் பார்த்ததைப்போல மெல்லியது இல்லை. நன்றாகத் தடித்த குழாய். "நான் பயந்ததுதான்" என்றார். அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் சங்கடப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது சிஸ்டர் இடுப்புக் கயிறும் இருக்கக் கூடாதே என்று தயங்கினார். நான் பேசுவதற்குள் பெரியத்தான் முன்னால் வந்தார். "கைக்கு மாத்திக் கட்டிருங்க சிஸ்டர். கயிறு உடம்புல எங்க இருந்தா என்ன" என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

காலையில் போனவர்கள் மத்தியானம் தாண்டியும் வரவில்லை. நடுவில் ஒரு சிஸ்டர் ஓடி வந்து ரத்தப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்து கேட்கப் போவதற்குள் கதவு மூடிவிட்டது. "காட்டிக்கொடுத்தது நீதானே, கைவிட்டுராத" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியத்தான் டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். இரண்டு பேரும் குடிக்கவில்லை. ஆடை படிந்துபோனது.

சாயங்காலம் எலும்பு டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "இருந்துச்சும்மா, படத்துல பாத்த மாதிரியே. மொதல்ல அத ரெண்டு பக்கமும் கட்டிட்டு, அப்புறம்தான் பிளேட்டு வெச்சோம். எலும்புல வழக்கமா வர்ற ரத்தம்தான், பயப்படாதீங்க. நல்லா இருக்காரு."

"முன்னாடியே தெரியலேன்னா என்ன ஆயிருக்கும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிருச்சேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் தை மாதம் வாக்கரை விட்டார். பங்குனியில் கைத்தடியையும் விட்டார். இப்போது கொஞ்சம் சாய்ந்தாற்போல் நடப்பார், அவ்வளவுதான். குணமானதும் முதலில் போனது திருமோகூருக்கு. முன்னால் நின்றார், பிறகு மெல்ல மெல்லப் பின்னால் நடந்து போய் நின்றார். நான் எதுவுமே கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இடுப்பில் சிவப்புக் கயிறுதான் இன்னும் கட்டியிருக்கிறார். வெள்ளிக் கொடியை மறுபடி போடவில்லை.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். நாம் ஒன்று கேட்கிறோம், நடக்கவில்லை. உடனே சாமி காது கேட்காதவர் என்று நினைத்துவிடுகிறோம். நானும் நினைத்தேன். நான் கேட்ட புதன்கிழமையை அவர் தந்திருந்தால் இவரை நான் இழந்திருப்பேன். மறுத்ததும் அவர், காப்பாற்றியதும் அவர். ஆகவே கேட்டது தள்ளிப்போனால் கொஞ்சம் பொறுங்கள், சுற்றிப் பின்னால் போய்ப் பாருங்கள். கூடவே, டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள், எந்தப் பாஷையிலும்.

போன மாதம் பெரியத்தானுக்குக் கல்லடைப்பு. வயிற்று ஸ்கேன் எடுக்க அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டெக்னீஷியன் வாயைத் திறக்கும் முன்பே அவர் சட்டையைத் தூக்கி என் பக்கம் திரும்பினார். "கயிறு கொண்டாந்தியாம்மா?" என்றார். கொண்டுபோயிருந்தேன். கட்டிவிட்டேன். பிறகு அவரே தன் கையால் திருகைக் கழற்றிக் கொடியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து என் கைப்பையில் சிவப்புக் கயிறு எப்போதும் இருக்கிறது, பாதத்தில் வைத்து வாங்கியது. உங்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால் தயங்காமல் என்னைக் கூப்பிடுங்கள். நானே வந்து கட்டிவிடுகிறேன்.